காலிப் பெட்டியும் தூக்கிய கையும்

சிதம்பரத்தில் மேலவீதியை ஒட்டிய சந்தில் இட்லிக்கடை போட்டிருந்த இருசம்மாளுக்கு வலது தோள் போய்விட்டது. இருபது வருஷமாக ஆட்டுக்கல்லைச் சுற்றிய தோள், எத்தனை நாளைக்குத்தான் தாங்கும்? அரசாங்கம் கொடுக்கிற கிரைண்டர் வந்தால் கடை பிழைக்கும், வராவிட்டால் மாசிக்குள் மூட வேண்டியதுதான். டோக்கன் வந்தது. கூடவே ஒரு யோகமும் வந்தது. சபாநாயகர் ஞானசேகரன் கையால் மேடையில் வாங்குகிற பத்துப் பேரில் அவளும் ஒருத்தி.

"அக்கா, அங்க போயி வாயைக் குடுக்காத," என்றான் பக்கத்து டீக்கடை ஆரோக்கியராஜ். "சட்டசபையில அவர் அனுமதி இல்லாம மந்திரியே பேச முடியாது. கையைத் தூக்கிட்டு நிக்கணும். மீறிப் பேசுனா குறிப்புலேருந்து எடுத்துடுவாங்க. நீ பேசவே இல்லன்னு ஆயிடும்."

"பேசுனது எப்பிடிடா பேசாததாவும்?"

"அதான்க்கா அரசாங்கம்."

விழா நடந்த கல்யாண மண்டபத்தில் நிற்க இடமில்லை. விழா வேலையைப் பார்த்துக்கொண்ட கொளஞ்சியப்பன், பத்துப் பேரையும் வரிசையில் நிறுத்தி ஒரே ஒரு பெட்டியைக் காட்டினார்.

"பெட்டிய வாங்குங்க, போட்டோவுக்குச் சிரிங்க, பின்படியில எறங்கி என்கிட்ட குடுத்துடுங்க. அது அடுத்த ஆளுக்கு. கிரைண்டர் பின்னால வரும்."

ஒரே தாலியை வைத்துப் பத்துக் கல்யாணம் நடத்துகிற ஏற்பாடு.

இருசம்மாள் முறை வந்தது. கல்லு வைத்த சாமான் இருக்க வேண்டிய பெட்டி, பொரி மூட்டை கணக்காகக் கையில் மிதந்தது. எதிர்வீட்டுச் செல்லாயிக்கும் ஆடியில் இப்படித்தான் 'பின்னால வரும்' என்றார்கள். தை பிறந்தும் வந்தபாடில்லை.

பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வலியில்லாத கையைத் தூக்கியபடி மேடையிலேயே நின்றுவிட்டாள். வாயைத் திறக்கவில்லை. கொளஞ்சியப்பன் கண்ணைக் காட்டினார், முறைத்தார், கடைசியில் கும்பிட்டார். அவள் அசையவில்லை.

தூக்கிய கையைப் பார்த்தால் சபாநாயகரால் சும்மா இருக்க முடியாது. பழக்கம். "அம்மா பேசலாம். சுருக்கமா," என்றார் மைக்கில்.

"ஐயா, இதுக்குள்ள ஒண்ணுமில்ல."

மண்டபம் கொல்லென்று சிரித்தது.

"அது குறிப்பில் இடம்பெறாது." சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எடுத்துடுங்கய்யா. குறிப்பை வச்சா நான் மாவாட்டப் போறேன்? கிரைண்டரைக் குடுங்க."

அவர் பெட்டியை வாங்கி ஆட்டிப் பார்த்தார். "சாமான் எங்கேய்யா?"

கொளஞ்சியப்பன் நெளிந்தார். "மண்டபத்துக்குப் பின்னால லாரியில இருக்குங்க. எல்லாருக்கும் இருக்கு. மொதல்லயே குடுத்துட்டா, ஐயா பேசறப்ப கூட்டம் இருக்காதுங்களே."

சபாநாயகர் அந்தக் காலிப் பெட்டியைக் கொளஞ்சியப்பன் கையில் திணித்தார். பிறகு மைக்கை இழுத்து, "அவை பத்து நிமிடம் ஒத்திவைக்கப்படுகிறது. லாரியைத் திறங்க," என்றார்.

பத்து நிமிஷம் கழித்து மண்டபத்தில் கொளஞ்சியப்பனும் பெட்டியும்தான் மிச்சம். ஊரார் பேச்சையெல்லாம் கேட்டே பழகிய சபாநாயகர், எழுதிக் கொண்டுவந்த தன் பேச்சை நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காரேறினார்.

இருசம்மாள் கிரைண்டரை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கி, காலையில் ஊறப்போட்ட அரிசியைப் போட்டு, சுவிட்சை அழுத்தினாள். கல் அசையவில்லை.

"கரண்டு ஆறு மணிக்குத்தான் வரும்க்கா," என்றான் ஆரோக்கியராஜ்.

இருசம்மாள் எரியாத பல்பை நிமிர்ந்து பார்த்தாள். மெல்லக் கையைத் தூக்கினாள்.