சும்மா கிடந்த பேட்டரி

"பேட்டரி போயிடுச்சு போல. சார்ஜே ஏறலை," என்றார் என் கணவர், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். நான் வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மேசை மேல் அவருடைய டிரில்லிங் மெஷின் சார்ஜரில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

"அதை எதுக்கு இப்ப எடுத்தீங்க?"

"சும்மா கிடந்தா வீணாப் போயிடும்னு நீதானே சொல்லுவ."

சொல்வேன்தான். மெஷின்களை வாடகைக்கு விடும் கடையில் எட்டு வருடமாகக் கவுண்டரில் நிற்கிறேன். சார்ஜ் ஏறாத பேட்டரியோடு வருகிற அத்தனை பேரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். சும்மாதான் வெச்சிருந்தேன், தானா செத்துப்போச்சு. நான் அவர்களைத் துருவிக் கேட்பதில்லை. பேட்டரியிடமே விசாரித்துக்கொள்வேன்.

இவர் கதவு, ஜன்னல் பொருத்துகிற தச்சர். நாலு மாதத்துக்கு முன்னால் வேலையிடத்தில் வலிப்பு வந்தது. டிரில்லிங் மெஷின் கையில் ஓடிக்கொண்டிருந்தது. தொடையில் பதினொரு தையல். ஒரு வருடத்துக்கு மெஷினைத் தொடவே கூடாது என்றார் டாக்டர். சத்தியமாகத் தொட மாட்டேன் என்றார் இவர். அன்றைக்கு அலமாரி மேல் ஏறிய மெஷின் பெட்டியை நானும் தினமும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பெட்டியைத்தான் பார்த்தேன், திறந்து பார்க்கவில்லை.

கை தானாக வேலையைத் தொடங்கியது. ப்ளக்கை வேறு பாயின்ட்டில் மாட்டினேன். சிவப்பு. பேட்டரி உட்காரும் இடத்துத் தகடுகளைத் துணியால் துடைக்கலாம் என்று பேட்டரியை உருவினேன்.

சுட்டது.

ஒரு குறையும் இல்லாத பேட்டரி. நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான். சூடு ஆறும்வரை சார்ஜர் சேர்த்துக்கொள்ளாது. இதைக் கவுண்டரில் நான் சொல்லாத நாளில்லை. இவரைப் பார்த்தேன். குளித்திருந்தார், தலை ஈரமாக இருந்தது. காது மடிப்பில் மட்டும் மரத்தூள் ஒட்டியிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறார் மனுஷன். கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது பயம்.

"கெட்டுப்போகலை. சூடா இருக்கு," என்றேன். "ஆறினா ஏறும்."

டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"இன்னும் ஒரு கதவுதான் பாக்கி. நாளையோட முடிஞ்சிடும். ஏணி எல்லாம் ஏறலை. உக்காந்துக்கிட்டேதான் பண்றேன்."

"அன்னிக்கும் உக்காந்துதானே இருந்தீங்க."

அவர் தொடையைத் தடவிக்கொண்டார்.

"நாள் பூரா இந்தச் சுவத்தையே பாத்துக்கிட்டு இருந்தா, வலிப்பு வராது. பைத்தியம்தான் வரும். உனக்கென்ன, நீ காலையில கிளம்பிப் போயிடற."

ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் வீட்டில் இருப்பதற்கே எனக்குச் சுவர் நெருக்கும்.

அவர் எழுந்து வந்து சார்ஜர் பக்கத்தில் நின்றார். கையை நீட்டினார்.

"ஆறியிருக்கும். குடு."

உள்ளங்கையில் சூடு குறைந்துகொண்டே வந்தது. ஆறாமல் இருக்கட்டும் என்று பேட்டரியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்.