கத்திரிப்பூ நிறம்

மாமியாரின் விறைத்த கையை ரவிக்கைக்குள் நுழைப்பது பெரும்பாடாக இருந்தது. பக்கத்து வீட்டு நர்ஸ் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். விடியற்காலையில் போன உயிர். இப்போது மணி பத்து.

துணிக்கடையில் வேலை செய்கிறவள், அவளே நல்ல சேலையாகப் பார்த்து உடுத்திவிடட்டும் என்று கணவன் சொல்லியிருந்தான். பீரோவில் கிழவிக்குப் பிடித்த சந்தன நிறத்தில் நாலு சேலைகள் இருந்தன. மருமகள் அவற்றைத் தொடவில்லை. கடை ஷட்டரைத் தூக்கும்வரை வாசலில் காத்து நின்று, அடர்ந்த கத்திரிப்பூ நிறத்தில் ஒன்றை வாங்கி வந்தாள்.

இந்த வருடம் ஊரே ஊதாவில்தான் நடமாடியது. லாவண்டர், திராட்சை, நாவல் என்று சாயல் சாயலாகக் கேட்டு வாங்கினார்கள். நாளெல்லாம் அதைத் தோளில் போட்டுக் காட்டி விற்றவள், தனக்கென்று ஒன்று எடுத்ததில்லை. கல்யாணமான புதிதில் ஒரே ஒருமுறை கட்டினாள். கூடம் நிறைய விருந்தாளிகள் இருந்தபோது மாமியார் சொன்னாள்:

"இந்தக் கறுப்புக்கு ஊதாவா? பொண்ணு எது, சேலை எதுன்னு தேடணும் போல."

எல்லாரும் சிரித்தார்கள். கணவனும், நாத்தனாரும். பதினோரு வருடம் ஆகிறது. அந்தச் சிரிப்பில் ஒரு குரல்கூட அவளுக்கு மறக்கவில்லை. சிரித்தவர்கள் அத்தனை பேரும் இன்று வருவார்கள். அவர்கள் கண்முன்னால் கன்றிப்போன காயம் மாதிரி கிடக்கட்டும் என்றுதான் அந்த நிறத்தை எடுத்தாள்.

கொசுவத்தைச் செருகி, முந்தானையை நீவிவிட்டு, இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள். மாமியார் எலுமிச்சம்பழ நிறம். சேலை அவளுக்கென்றே நெய்ததுபோல் பொருந்தியிருந்தது. 'சிவப்பா இருக்கவங்களுக்கு இது எடுப்பா இருக்கும்மா' என்று தினமும் முப்பது பேரிடம் சொல்கிறவளுக்கு, இது எப்படித் தோன்றாமல் போயிற்று?

தூங்குவது மாதிரியே இருக்கிறார்கள் என்றாள் நர்ஸ். வந்தவர்கள் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள்.

மதியம் நாத்தனார் வந்தாள். ஆபீசிலிருந்து அப்படியே வந்திருந்தாள். அவளும் இளம் ஊதாவில். அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுது ஓய்ந்து, அண்ணியின் கையைப் பற்றினாள்.

"போன மாசம் இந்தக் கலர்ல ஒண்ணு வேணும்னு அம்மா கேட்டாங்க அண்ணி. இந்த வயசுல எதுக்குன்னு நான்தான் திட்டிட்டேன். நீங்க எடுத்துக் கொடுத்துட்டீங்க."

அவள் கையை உருவப் பார்த்தாள். நாத்தனார் விடவில்லை. அருகில் நின்ற கணவனின் கண்கள் நன்றியில் கலங்கியிருந்தன.

"அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் சிரிச்சீங்க," என்றாள் அவள், மெதுவாக.

"என்னைக்கு அண்ணி?"

உண்மையாகவே தெரியாத முகம். கணவனைப் பார்த்தாள். அவனும் விழித்தான்.

வண்டி கிளம்பிப் போனபின் பெண்கள் சிலர் மட்டும் வீட்டில் தங்கினார்கள். அவள் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தாள். கணவனின் சித்தி பக்கத்தில் வந்து, காதோடு காதாக, அந்தச் சேலை அவள் கடையில் எடுத்ததுதானா, இன்னும் இருக்கிறதா என்று விசாரித்தாள்.

கடை அலமாரியில் அதே சேலை முப்பதுக்கு மேல் அடுக்கியிருந்தது.

"அதுதான் கடைசி," என்றாள் அவள்.

சித்தியின் முகம் வாடியது. அது முழுதாக வாடி முடியும்வரை பார்த்துவிட்டு, அடுத்த நாற்காலியை மடக்கினாள்.