தொலைபேசி எண் வெட்டப்பட்ட கதை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னைக் கரித்துக் கொட்டாதீர்கள். எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி, இணைய இதழ் ஒன்றில் பக்கம் போடுகிறவள், செய்த தவறிலிருந்து வந்தது.

அன்று காலை வானம் மூடிக் கிடந்தது. அவள் கணினியைத் திறந்தபோது ஜன்னலில்...

(வேண்டாம். வானம் எப்படி இருந்தால் உங்களுக்கென்ன? அழிக்க மனம் வரவில்லை, கிடக்கட்டும்.)

2

வருகிற மின்னஞ்சலைப் பிரித்து, தலைப்பைப் பெரிதாக்கி, படம் தேடி ஒட்டி, உரிய பகுதியில் ஏற்றுவது அவள் வேலை. கதை, கவிதை, கட்டுரை என்று மூன்றே பகுதிகள். எது வந்தாலும் இந்த மூன்றில் ஒன்றுக்குள் போயாக வேண்டும். எழுதுகிறவர்கள் ஆர்வக்கோளாறில் அடியில் தொலைபேசி எண்ணையும் போட்டு அனுப்புவார்கள். கண்டவனும் கூப்பிட்டுத் தொல்லை கொடுப்பானே என்று அதை வெட்டிவிடுவாள். ஆறு வருடப் பழக்கம், கை தானாக வெட்டும்.

ஒரு நாள் இப்படி வந்தது: "என் தம்பி வீடு திரும்பாமல் பதினோரு நாளாகிறது. தலையில் அடிபட்டதிலிருந்து அவனுக்குத் தன் பெயர் சொல்ல வராது. எந்த வாசலில் நின்றாலும், அங்கே கிடக்கிற செருப்புகளை ஜோடி சேர்த்து அடுக்குவான். அடுக்கி முடித்ததும் தன் செருப்பை மறந்துவிட்டு நடப்பான்." மேலே 'தயவுசெய்து வெளியிடவும்' என்றிருந்தது.*

அனுப்பிய அக்கா நன்றாக எழுதிவிட்டாள். பாவி மகள் செய்த குற்றம் அது ஒன்றுதான்.

பக்கம் போடுகிறவள் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். 'சிறுகதை' பகுதியில் ஏற்றினாள். ஆளில்லாத வாசல் ஒன்றின் சாம்பல் நிறப் படம், 'வாசிக்க நான்கு நிமிடம்' என்ற குறிப்பு, எல்லாம் அழகாக அமைந்தன. அடியிலிருந்த எண்ணை வெட்டினாள்.

* எல்லாரும் அப்படித்தான் கெஞ்சுவார்கள். நானும் கெஞ்சியிருக்கிறேன்.

3

பாராட்டு குவிந்தது. 'மழைக்காதலன்' என்ற பெயரில் ஒருவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: "எங்க தெரு மருந்துக்கடை வாசல்லயும் ஒரு வாரமா ஒருத்தர் இப்படியே செருப்ப அடுக்கிட்டு இருக்காரு. வாழ்க்கைய அப்படியே எடுத்து வெச்சிருக்கீங்க! முடிவ வாசகர்கிட்டயே விட்டது அருமை."

அதற்கு அவள் விருப்பக்குறி போட்டாள். (இங்கேதான் இவள்மேல் எனக்குச் சந்தேகம். படித்தபோது ஒன்றுமே உறைக்கவில்லையா? கேட்டேன். "கதைன்னு போட்டது நான்தானே? நானே அத நம்பிட்டேன்" என்றாள்.)

மூன்றாம் நாள் அலுவலகத்துக்கு அக்கா கூப்பிட்டாள்.

"என்னம்மா, போட்டீங்களா? ஒரு போன்கூட வரலியே."

"போட்டாச்சு அக்கா! முந்நூறு பேருக்கு மேல படிச்சிருக்காங்க. எல்லாரும் பாராட்டுறாங்க."

"எதுக்குப் பாராட்டுறாங்க?"

இவள் அவசரமாக அந்தப் பக்கத்தைத் திறந்து மேலிருந்து படித்தாள்.

"என் தம்பிய யாராச்சும் பாத்தாங்களான்னு கேட்டா, எதுக்கும்மா பாராட்டுறாங்க?"

4

அலறிப் புடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றினாள். சாம்பல் படத்தைத் தூக்கிவிட்டு, அக்கா அனுப்பிய தம்பியின் படத்தை வைத்தாள். 'காணவில்லை' என்று சிவப்பில் போட்டு, எண்ணைத் திரும்பச் சேர்த்தாள். அடுத்து வந்த கருத்து: "கதைக்குள்ளயே போன் நம்பரா? என்னா உத்தி!"

மழைக்காதலனுக்கு எழுதினாள்: "ஐயா, இது நிஜம். எந்த ஊர்? எந்த மருந்துக்கடை?"

"ஹாஹா, இப்ப கதாபாத்திரமே வந்து கேக்குதா? சூப்பர்!"

"சத்தியமா நிஜம்ங்க. கால்ல விழுந்து கேக்குறேன்."

அதற்குப் பதில் இல்லை. அந்தக் கணக்கில் முகவரியும் இல்லை, முகமும் இல்லை.

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

மழைக்காதலன் அக்காவைக் கூப்பிட்டார், மறுநாளே தம்பி... (உங்களைச் சமாதானப்படுத்த எழுதியது. அடித்துவிட்டேன்.)

அக்கா மருந்துக்கடை மருந்துக்கடையாக ஏறி இறங்கினாள், ஒவ்வொரு ஊராக... (இது நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் முடிவில்லை.)

போன வாரம் பக்கம் போடுகிறவள் என்னிடம் வந்து நின்றாள். "நீங்க எழுதுங்க. அந்த மழைக்காதலன் படிக்கட்டும்."

"நான் எழுதினா அது கதையாத்தான் போய்ச் சேரும். நிஜம்னு யாரும்மா நம்புவா?"

"அவரு கதையத்தானே படிக்கிறாரு?"

அதனால்தான் தலைப்பு, எண் போட்ட பகுதிகள், இந்த அடைப்புக்குறிகள். எனக்கு இதெல்லாம் பெருமையாக இல்லை, வெட்கமாகத்தான் இருக்கிறது.

மழைக்காதலன் ஐயா, இதுவரை படித்திருந்தால், முடிவு என்னிடம் இல்லை. உங்கள் தெருவில் இருக்கிறது. எழுந்து போய் அந்த ஆளின் பக்கத்தில் நின்று, "அக்கா தேடுறாங்க" என்று சொல்லிப் பாருங்கள். அவர் திரும்பிப் பார்த்தால், நீங்கள் வந்து கீழே எழுதுங்கள். பாராட்டு ஒன்றும் வேண்டாம், ஊர்ப் பெயரை மட்டும் எழுதுங்கள்.