நாலு பேணிச் சத்துமா

கல்லடிப் பழைய பாலத்தின் நடுவில் உதயரூபன் செத்துப்போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். செத்துப்போனது என்றால், செத்துப்போகிறோம் என்று முழுமனதாக நம்பிக் கைப்பிடிக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. நெஞ்சு தறிகெட்டு ஓடியது. விரல் நுனிகள் விறைத்தன. ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இதயத்தில் கோளாறு இல்லை, பிறஷர் மட்டும் ஏறி நிற்கிறது, அடுத்த கிழமை கிளினிக்குக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அன்றோடு மனைவி வதனியுடன் போய்வந்த காலை நடை நின்றது. அவருடைய பாத்திரக்கடையில் ஏணியில் ஏறவும் பயம். ஒரு கையால் மற்றக் கையின் நாடியைப் பிடித்தபடியே இருந்ததால், சட்டி வாங்க வந்தவர்கள் சட்டியைத் தாங்களே எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

அவர் ஒருவருக்கும் சொல்லாத விசயம் ஒன்று இருந்தது. விளையாட்டுச் சாமான் கடையொன்றை மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனவர், உடற்பயிற்சிக்காரர் குடிக்கும் சத்துமாவில் இரண்டு பேணியை ஒரு மணித்தியாலம் விலை பேசி, நாலு பேணியோடு வெளியே வந்திருந்தார். திகதி முடிய இரண்டே மாதம். ஒரு நாளைக்கு ஒரு கரண்டி என்று பேணியில் போட்டிருந்தது. அப்படிக் குடித்தால் இரண்டு பேணி மிஞ்சும். சரக்கைக் குப்பையில் போடுவது அவர் பரம்பரையில் இல்லை. ஆகவே இரண்டு கரண்டி குடித்தார். பாலத்தில் அப்படி ஆனபிறகு, உடம்பு பலவீனம் போலிருக்கிறது என்று மூன்றாக்கினார்.

கிளினிக்கில் டொக்டர் நஸ்ஹா, காத்தான்குடிப் புடவை வியாபாரி ஒருவரின் மகள், அவருடைய கிளினிக் கொப்பியைப் புரட்டியபடி கேட்டாள்.

"வேற ஏதும் பாவிக்கிறீங்களா அங்கிள்? மா, மூலிகை, கடையில வாங்கின குளிசை?"

"இல்ல டொக்டர்."

கையிலிருக்கிற சரக்கையெல்லாம் ஒரே நேரத்தில் மேசையில் பரப்பக் கூடாது என்பது உதயரூபனின் தொழில் பாடம். டொக்டரென்றாலும் எதிரே இருப்பவர் எதிரே இருப்பவர்தான்.

"கோப்பி?"

"பொங்கலோட விட்டுட்டன். நீங்க சொன்னத்துக்குத்தான்."

"அப்ப பிறஷர் குளிசையைக் கூட்டத்தான் வேணும்."

"ஒண்டாக் கூட்டாம அரையாக் கூட்டுங்களன் டொக்டர்."

பக்கத்துக் கதிரையில் இருந்த வதனி, கைப்பையைத் திறந்து பேணியை எடுத்து மேசையில் வைத்தாள். "இது அலுமாரிக்குப் பின்னால இருந்தது டொக்டர். இன்னும் ரெண்டு இருக்கு."

உதயரூபனுக்கு முகம் கறுத்தது. டொக்டர் பேணியைத் திருப்பினாள். கழிவு விலைத் துண்டு ஒன்று பெரிதாக ஒட்டியிருந்தது. நகத்தால் மெல்ல உரித்து, அடியில் இருந்ததை வாசித்தாள்.

"பிறஷர் உள்ள ஆக்கள் பாவிக்கக் கூடாதெண்டு போட்டிருக்கு. அதுக்கு மேலதான் விலையை ஒட்டியிருக்காங்க. ஒரு கரண்டிக்குள்ள மூணு கோப்பிக்குரிய கஃபீன் இருக்கு. எத்தின கரண்டி குடிக்கிறீங்க?"

"ஒண்டு."

வதனி திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டு."

"கடைசி விலையைச் சொல்லுங்க அங்கிள்."

"மூணு."

"ஒம்பது கோப்பி," என்றாள் டொக்டர். "கோப்பியை விட்ட மனிசன்."

"அப்ப எனக்கு வருத்தம் ஒண்டும் இல்லையா?"

"இருக்கு. பிறஷரும் இருக்கு, பயத்தில வாற பதகளிப்பும் இருக்கு. மாவை நிப்பாட்டுங்க, குளிசையை விடாதீங்க, ரெண்டு கிழமையில பார்ப்பம். கதைச்சிக்கொண்டு நடங்க. கதைக்க மூச்சுக் காணாட்டி வேகத்தைக் குறைங்க. நெஞ்சுநோவோ மயக்கமோ வந்தா, பதகளிப்பெண்டு வீட்டில இருக்கப்படாது, நேரா ஆஸ்பத்திரி. பயம் விடாட்டி வந்து சொல்லுங்க, அதுக்கும் வைத்தியம் இருக்கு."

வெளியே ஓட்டோவுக்கு நிற்கும்போது வதனி கேட்டாள். "ஏன் குடிச்சீங்க?"

"மலிவாக் கிடைச்சிது."

"அது வாங்கினத்துக்கு. குடிச்சது ஏன்?"

அவர் ரோட்டைப் பார்த்தார். "நீ விறுவிறெண்டு முன்னால போறாய். நான் உன்ட முதுகைப் பார்த்துக்கொண்டு வாறன். எட்டிப் பிடிக்கலாமெண்டுதான்."

"சொல்லியிருந்தா நிண்டிருப்பனே."

"நிண்டா எனக்கு வெக்கம், புள்ள."

வதனி அவருடைய சேட்டுக் கையில் இல்லாத தூசியைத் தட்டிவிட்டாள்.

மிச்சமிருந்த மாவை அவளே கொட்டினாள். அவர் பக்கத்தில் நின்று, செத்த வீட்டுக்கு வந்தவர்போலப் பார்த்தார். படபடப்பு மெல்லக் குறைந்தது. பயம் குறையவில்லை. முதல் கிழமை பாலத்தடி வரை போய்த் திரும்பினார்கள். அடுத்த கிழமை ஒருநாள் நடு வரைக்கும் போனார்கள். கம்பியைக் கண்டதும் நெஞ்சு துள்ளத் தொடங்கியது.

"வதனி, காணும். இதோட திரும்புவம்."

"திரும்புவம். கொஞ்சம் நிண்டு கதைங்க. நோகுதா?"

"நோகல்ல. அடிக்குது."

"கீழ அந்தத் தோணியில இறால். கிலோ என்ன சொல்லுவாரெண்டு நினைக்கிறீங்க?"

"எனக்கு உயிர் போகுது, உனக்கு இறாலா?" என்றவர், ஆனாலும் எட்டிப் பார்த்தார். நல்ல இறால். கேட்காமல் இருக்க முடியவில்லை. தோணிக்காரர் சொன்ன விலை அநியாயம். உதயரூபன் கம்பியைப் பிடித்தபடி பாதிக்குக் கேட்டார். தோணிக்காரர் சிரித்தார். இவர் கொஞ்சம் ஏறினார், அவர் கொஞ்சம் இறங்கினார். ஐந்து நிமிடம் வாவிக்கு மேலால் உரத்துப் பேசியும் மூச்சு வாங்கவில்லை என்பதை வதனி கவனித்தாள். அவர் கவனிக்கவில்லை.

"பாலத்தில நிண்டு பேரம் பேசுற ஆளை இண்டைக்குத்தான் காணுறன், அண்ணே. அந்த விலைக்கு வேணுமெண்டா அந்தப் பக்கம் கல்லடிக் கரைக்கு வாங்க," என்று தோணியைத் திருப்பினார் அவர்.

உதயரூபன் முன்னால் கிடந்த பாதிப் பாலத்தைப் பார்த்தார். பிறகு தோணியைப் பார்த்தார். கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

"நெஞ்சு?" என்றாள் வதனி.

"அது அடிச்சிக்கொண்டு வரட்டும். நீ கெதியா வா, வேற ஆக்கள் வாங்கிப்போடுவாங்க."