எட்டாவது முறை

மகள் டாக்னிக்கு ஞானஸ்நானம் நடந்த ஞாயிறு பிற்பகலிலிருந்து, மாரித் முன்வாசல் வழியாக வெளியே போனால் அடுக்களை வாசல் வழியாக உள்ளே வந்தாள். நார்வேயின் வடக்கே ஸ்குல்வா தீவில் இது நடந்தது. அன்று அவள் குழந்தையைப் போர்த்தி எடுத்துக்கொண்டு துர்மோதின் வீட்டுக்குக் கிளம்பியிருந்தாள். குழந்தை துர்மோதுடையது, தேவாலயத்தில் தன் பெயரைக் கொடுத்தவன் கணவன் எய்வின். படியைத் தாண்டினால் எதிரே அவளுடைய அடுப்பே நின்றது. ஏழு முறை முயன்றாள். எட்டாவது முறை குழந்தை பாலுக்கு அழுதது. பிறகொரு நாள் ஜன்னல் வழியாகக் குதித்தும் அடுக்களையில்தான் விழுந்தாள், முழங்கை பிசகியது.

ஊர் ஒரே குளிர்காலத்தில் பழகிக்கொண்டது. பாதிரியார் நற்கருணையை வீட்டுக்கே கொண்டுவந்தார். “மாரித்து மாதிரி வீட்டோட கெடக்குற பொம்பள எங்க கெடைப்பா?” என்று கடைக்காரி ரங்னா மாவு மூட்டையை இறக்கிவிட்டுச் சிரிப்பாள். டாக்னி மட்டும் தாராளமாகப் போய்வந்தாள். எய்வின் கடலிலிருந்து திரும்பும்போதெல்லாம் கம்பளி நூலோ ஆரஞ்சோ வாங்கிவந்தான். அன்று எங்கே கிளம்பினாய் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. துர்மோத் எட்டிப்பார்க்கவே இல்லை. அவனுடைய படகு போவதை அவள் பதினெட்டு வருடம் ஜன்னலில் நின்று பார்த்தாள்.

பத்தொன்பதாவது வருடம், மதியச் சாப்பாட்டின்போது டாக்னி சொன்னாள்: “அஸ்லாக்கக் கட்டிக்கப் போறேன்.”

அஸ்லாக் துர்மோதின் மகன்.

“வேண்டாம்.”

“ஏம்மா? வாசல் தாண்டாத உனக்கு அவனப் பத்தி என்ன தெரியும்?”

“அவன் உனக்கு அண்ணன்டி.”

டாக்னி அப்பாவைப் பார்த்தாள். எய்வின் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தான். “எனக்குத் தெரியும்,” என்றான். “உனக்குப் பேர் வச்ச அன்னைக்கே தெரியும்.”

“இத்தன வருஷமா வாயத் தொறக்கலையே நீ!” என்றாள் மாரித்.

“தொறந்திருந்தா நீ போயிருப்ப.”

“எங்க போக? நான் முட்டி முட்டித் திரும்புனதப் பாத்துக்கிட்டுத்தான இருந்த?”

“பாத்தேன். கதவு உன்ன விட்றக் கூடாதுன்னு தெனமும் வேண்டிக்கிட்டேன்.”

அவன் குரலில் வெட்கம் இல்லை. பாசம்தான் இருந்தது. மாரித் தன் தட்டைத் தள்ளிவைத்தாள்.

டாக்னி ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனாள். அஸ்லாக்கிடம் காரணம் சொல்லாமலே தெற்கே பெர்கன் நகரத்துக்குப் போகும் கப்பலில் ஏறினாள். மாரித் பின்னால் ஓடினாள்; அடுக்களைக்குள் வந்து நின்றபோது கப்பலின் ஊதல் கேட்டது.

“இரு, நான் கூட்டிட்டு வர்றேன்,” என்று எய்வின் பூட்ஸை மாட்டிக்கொண்டு முன்வாசல் வழியாக ஓடினான். மறுகணம் மூச்சிரைக்க அடுக்களை வாசலில் நின்றான். மறுபடி ஓடினான், மறுபடி வந்தான். மாரித் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. அவன் நான்காவது முறை வந்தபோது ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

எய்வின் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். நல்ல தோல், வீணாகிவிட வேண்டாம் என்று அடுத்த வசந்தத்தில் அவற்றை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்.