பன்னிரண்டா, இருபதா

1

இந்தக் கதை ஒரு தலைகீழ் எண்ணிலிருந்து பிறந்தது. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான பன்னிரண்டு குண்டுகளாக உருட்டுங்கள். அதில் ஒரு குண்டு கச்சிதமாகப் பொருந்தும் குழாய்தான் பன்னிரண்டாம் அளவுத் துப்பாக்கி. இருபதாக உருட்டினால் குண்டு சிறுக்கும், குழாயும் சிறுக்கும். எண் கூடினால் துளை குறையும்! தேலியோவின் துப்பாக்கிக் கடையில் இதைக் கேட்ட அன்று, இத்தாலியின் அப்பென்னைன் மலைச்சரிவெல்லாம் ஈயத்துளிகள் உருள்வதுபோல் இருந்தது எனக்கு.

2

முதல் தொடக்கம்: "நவம்பர் மூடுபனியில் ஓர்னெல்லா..." (வேண்டாம். பனி தானாகவே வரும்.)

இரண்டாவது: "செர்ரி மரத்திலிருந்து விழுந்து ஓர்னெல்லாவின் வலத்தோள் முறிந்தது." இது நிற்கட்டும்.

முப்பது வருடமாக அவளும் அண்ணன் கஸ்பரேயும் காட்டு உள்ளான் பறவை வேட்டைக்கு ஒன்றாகப் போகிறார்கள். ஆளுக்கொரு பன்னிரண்டு. தோட்டாவுக்கு இருவருக்கும் ஒரே பை. யார் கையை விட்டாலும் சரியானதுதான் வரும்.

முறிந்து கூடிய தோளுக்கு இருபது இலேசு. வெடிமருந்து குறைவு, தோளில் உதையும் குறைவு. ஈயமணிகளும் குறைவு என்பதால் பறவையை இன்னும் நெருங்கவேண்டும். அதை அவள் பழகிவிடுவாள். ஆனால்

(வாக்கியத்தை நிறுத்தி ஒரு குறிப்பு: இருபதின் தோட்டா பன்னிரண்டின் குழாய்க்குள் வழுக்கி இறங்கிச் சிக்கிக்கொள்ளும். குழாய் காலி என்று நினைத்துப் பின்னால் இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் வெடித்துவிடும். அதனால்தான் இருபதின் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம். பைக்குள் துழாவும் விரலுக்கு நிறம் தெரியாது.)

3

"எடுத்துப் பாருங்கக்கா, இந்த இருபது இறகு மாதிரி இருக்கும்," என்றான் தேலியோ.

"இறகுன்னா பறவைக்கே திருப்பிக் குடுத்திடலாமே," என்றார் கஸ்பரே.

"உன் வாய்க்கு எந்த அளவுண்ணே? அதுக்கு மட்டும் தோட்டா தீரவே மாட்டேங்குது," என்றாள் ஓர்னெல்லா.

"சிரி, சிரி. இதை நீ வாங்கினா என் பையில கையை விடக் கூடாது. போன வருஷம் மேல ஊர்க்காரன் விரல் என்ன ஆச்சுன்னு பாத்தேல்ல?"

"அப்ப நான் தனியா நடக்கணுமா?"

[இங்கே அவரைக் கோபக்காரராக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். பயந்திருக்கிறார், அவ்வளவுதான்.]

4

ஒரு முடிவு: பன்னிரண்டையே வைத்துக்கொள்கிறாள். ஒவ்வொரு வெடிக்கும் பல்லைக் கடிக்கிறாள். நாய் மட்டும் கவனிக்கிறது.

இன்னொன்று: இருபதோடு எதிர்ச்சரிவில் நடக்கிறாள். நடுவே பள்ளத்தாக்கு நிறையப் பால்போல் பனி. இரண்டு நாய்களின் கழுத்துமணிகள் ஒன்றையொன்று தேடுகின்றன.

மூன்றாவது: கஸ்பரேயும் ஒரு இருபது வாங்கி... இல்லை. அவரை எனக்குத் தெரியும்.

அவர் செய்தது இவ்வளவுதான்: தோளிலிருந்த பையைக் கழற்றிக் கவிழ்த்தார். பன்னிரண்டின் சிவப்புத் தோட்டாக்கள் தேலியோவின் மேசையெங்கும் உருண்டன. ஒன்று தரையில் விழுந்து வெகுதூரம் போயிற்று. காலிப் பையை அவளுடைய மஞ்சள் தோட்டாக்களுக்குத் தரப்போகிறாரா, தன் தோட்டாக்களை அள்ளிக்கொண்டு கிளம்பப்போகிறாரா?

"அண்ணே?" என்றாள் ஓர்னெல்லா.

அவருடைய பதிலை ஒன்பது முறை எழுதினேன். ஒன்பதிலும் என் குரல்தான் கேட்கிறது. நீங்கள் சொல்லிப்பாருங்கள். கொஞ்சம் மெதுவாக. அவள் இன்னும் எந்தத் துப்பாக்கியையும் தொடவில்லை.