திரும்பிப் போகாத வேன்

1

இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. ஆர்டர் கொடுத்து எழுதச் சொன்ன கதை. ஆர்டர் கொடுத்தவர் ரோதியோன். ரஷ்யாவில், தொல்யாத்தி ஊர்க் கார்ச்சந்தையில் எனக்கு எதிர்க் கடைக்காரர். நான் பிரேக் கட்டை விற்கிறேன்; அவர் பழைய கியர்ப்பெட்டிகளைப் பிரித்து விற்கிறார். பனி கொட்டி, வாங்க ஆளில்லாத ஒரு காலையில் கடைக்குள் வந்து நின்றார்.

"நீ ஏதோ எழுதுவியாமே. என் பையன் கதைய எழுது. கடைசில யார் தப்புன்னு ஒரு வரி போடு. எதிர்க் கடைக்காரனாச்சேன்னு பார்க்காத."

"யார் தப்புன்னு உங்களுக்கே தெரிஞ்ச மாதிரி இருக்கே?"

"தெரியும். என் தப்பு. ஆனா அத நானே சொல்லிட்டா ஆச்சா? விக்கிறவனே எடை போட்டா எவன் நம்புவான்?"

சிரிக்கவில்லை அவர். மகனின் முகத்தைப் பார்த்துப் பேசி இரண்டு குளிர்காலம் ஆகிறது. ஒரே சமையலறை, ஒரே சூப் பானை, ஆனால் பார்வை மட்டும் ஜன்னலுக்குப் போய்விடும். கார்ப் பந்தயக்காரனாக வேண்டிய பையனைத் தானே கெடுத்துவிட்டோம் என்பது அவர் கணக்கு. அது சரிதானா என்று சொல்ல வேண்டியது என் வேலை. கதை எழுதுகிறவனிடம் தீர்ப்புக் கேட்கும் மனிதன் எவ்வளவு நொந்திருக்க வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"உறைந்த ஏரியின் மேல் ஒரு குட்டி வண்டி தன்னந்தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குள் இருந்த ஆறு வயதுப் பையனுக்குப் பயம் என்றால்"

நிறுத்திவிட்டேன். 'என்னவென்றே தெரியாது' என்று முடிக்கப் பார்த்தேன். அப்பட்டமான பொய். ரோதியோனின் மகன் கிளிமுக்குப் பயம் நன்றாகவே தெரியும். முதல் நாளே பனிமேட்டில் மோதி மூக்கில் ரத்தம். ரோதியோன் ஒரு கை பனியை அள்ளி மூக்கில் அப்பி, "இன்னொரு சுத்து" என்றார். பையன் அழுதுகொண்டே இன்னொரு சுற்று போனான். அழுதுகொண்டே போன அந்தச் சுற்று முந்தியதைவிட வேகமாக இருந்தது. அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது என்று லரீசா, அவன் அம்மா, சொல்வாள்.

இரண்டாம் முயற்சி:

"வோல்கா உறையும் ஊர்களில் பிள்ளைகள் நடப்பதற்கு முன்பே சறுக்கக்"

வேண்டாம். பயணக் கம்பெனி நோட்டீஸ் மாதிரி இருக்கிறது.

மூன்றாவது, அலங்காரமில்லாத சரக்கு: கிளிம் ஏறினான். முதலில் ஊரளவில் கார்ட் என்ற குட்டி வண்டிப் பந்தயம், பிறகு வோல்கா வட்டாரக் கோப்பை, பிறகு நாட்டளவில். மழை கொட்டிய ஒரு இறுதிச் சுற்றில், தன்னைவிட மூத்த பையன்கள் எல்லோரும் புல்லில் கிடக்க, இவன் மட்டும் ஈரத்தை மோப்பம் பிடித்தவன் மாதிரி வெளிப்பக்கமாகவே ஓட்டி வந்து ஜெயித்தான். அதற்கப்புறம் ஃபார்முலா பந்தய வண்டி, சின்ன வகுப்பு. ஒவ்வொரு படிக்கும் வீட்டிலிருந்து ஒன்று வெளியே போனது. தோட்டவீடு போனது. லரீசாவின் பல் வைத்தியம் தள்ளிப்போனது. மேடைப் படங்களில் அவள் உதட்டைத் திறக்காமல் சிரித்திருப்பாள். வெளிநாட்டில் ஓடிய ஒரே பருவத்தில், பட்டியலில் எல்லோர் பெயருக்குப் பக்கத்திலும் கொடி, ரஷ்யக் கொடிக்குத் தடை என்பதால் இவன் பெயருக்குப் பக்கத்தில் வெறும் வெள்ளைக் கட்டம்.*

(* "பரவால்ல, துவைக்க வேண்டியதில்ல" என்றான் கிளிம். அவன் சொன்னதாக எனக்குத் தெரிந்த ஒரே ஜோக்.)

3

கதாநாயகன்மேல் எனக்கே சந்தேகம் வந்த இடம் இது. நாயகனுக்கு ஆசை வேண்டும். ஆசையில்லாத நாயகனை வைத்து வியாபாரம் நடக்காது. ரோதியோனிடம் ஆசை மூட்டை மூட்டையாக இருந்தது. ஆனால் வண்டிக்குள் உட்கார்ந்தவன் அவரில்லையே. அதனால் கிளிமைப் பற்றி "சாம்பியனாக வேண்டும் என்று துடித்தான்" என்று எழுதிவிட்டு, மனசு கேட்காமல் அடித்துவிட்டேன். அவனுக்குப் பதினேழு வயதிருக்கும்போது நானே கேட்டிருக்கிறேன்.

"டேய் கிளிம், உனக்கு என்னடா வேணும்?"

"தூங்கணும் மாமா."

"அதில்லடா. வாழ்க்கைல."

"அதையும்தான் சொல்றேன்."

அப்போது சிரித்துவிட்டு பிரேக் கட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

4

இனி அந்த நாள். ரோதியோன் சொன்னதையும் லரீசா சொன்னதையும் சேர்த்துத் தைத்திருக்கிறேன். தையல் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு அணி ஒன்று, மாஸ்கோவுக்கு அப்பாலிருந்த டிராக்கில் ஆள் தேர்வு வைத்தது. மேல் வகுப்பில் ஒரே ஓர் இடம். ஃபார்முலா வண்டியில் அவரவர் இருக்கையை அவரவரே கொண்டுபோக வேண்டும். கடையில் கிடைக்காது அது. வண்டிக்குள் ஒரு பையை விரித்து, பையனை அதன்மேல் உட்காரவைத்து, உள்ளே ரசாயன நுரையை ஊற்றுவார்கள். நுரை பொங்கி அவன் முதுகு, இடுப்பு, தொடை எல்லாவற்றையும் கவ்விக்கொண்டு கல்லாக இறுகும். அதுவரை அவன் அசையக் கூடாது. கிளிமின் இருக்கையை ரோதியோனே தன் கொட்டகையில் வார்த்தார். "மூச்சு விடு, ஆனா பெருசா விடாத" என்று சொல்லிக்கொண்டே.

கிளம்பும் நாள் சாமானெல்லாம் நடைக்கூடத்தில். மேல்கோட்டு மாட்டியாயிற்று. வழக்கப்படி மூவரும் ஒரு நிமிடம் பேசாமல் உட்கார்ந்தார்கள்; உட்காராமல் யார் நெடும்பயணம் கிளம்புவார்கள்? லரீசா முக்காலியில். ரோதியோன் கருவிப்பெட்டிமேல். கிளிம் பக்கத்திலிருந்த தன் இருக்கையில்.

"சரி, கிளம்பு" என்று ரோதியோன் எழுந்தார். கருவிப்பெட்டியைத் தூக்கினார். பைகளைத் தூக்கினார்கள். லரீசா வேன்வரை வந்து வழியனுப்பினாள். வேனில் பாட்டு வைத்துக்கொண்டு போனார் ரோதியோன். சிஸ்ரான் ஊர்ப் பாலம் தாண்டியதும் லரீசாவிடமிருந்து போன்.

"ரோத்யா, ஒண்ணு கேக்குறேன், கத்தாத. பையனோட சீட் எங்க இருக்கு?"

"பின்னால."

"என் முன்னால இருக்கு. பூனை அதுல படுத்திருக்கு."

உட்கார்ந்து எழுந்த நிமிடத்திலேயே அது வீட்டு நாற்காலியாகிவிட்டது. வீட்டு நாற்காலியை யார் வேனில் ஏற்றுவார்?

பாட்டை நிறுத்தினார். கிளிம் சொன்னான்: "அப்பா, திரும்பிரலாம்."

"வாசல் தாண்டியாச்சுடா. தாண்டினா திரும்பக் கூடாது."

"ரெண்டு மணி நேரம் லேட்டாகும், அவ்வளவுதானேப்பா."

"குர்ஸ்க் போனப்ப நடந்தது மறந்துபோச்சா? கையுறைக்காகத் திரும்பினோம். என்னாச்சு? அச்சு முறிஞ்சு நின்னோம்."

"திரும்பி வந்தாலும் கண்ணாடியப் பார்த்து நாக்க நீட்டிட்டுக் கிளம்பினா தோஷமில்லன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"அது கடைக்குப் போறதுக்கு. இது அப்படியா?"

லரீசா போனிலேயே இருந்தாள். மாஸ்கோ பஸ் டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன் என்றாள். வேண்டாம் என்றார் ரோதியோன். விட்டுவந்த பொருள் பின்னாலேயே வந்தால் அதுவும் திரும்பியதற்குச் சமம்தானாம். இந்தச் சட்டத்தை எந்த ஊரிலும் நான் கேட்டதில்லை. அந்த நிமிடத்தில் அவரே அடித்த நாணயம் அது. இப்போது அதைச் சொல்லும்போது மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறார்.

"வண்டிய ஓட்டுறது சீட்டா நீயா?" என்று மகனிடம் கேட்டிருக்கிறார். கிளிம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

5

தேர்வைப் பற்றி விரிவாக எழுத ஆசைதான். எஞ்சின் உறுமல், ரப்பர் வாசனை. [இங்கே ஒரு நல்ல பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். நன்றாக இருந்ததுதான் அதன் குற்றம்.]

நடந்தது இதுதான். வேறொரு பையனின் இருக்கையைக் கொடுத்தார்கள், குள்ளமானவன், அகலமானவன். இடைவெளியில் துண்டுகளைத் திணித்தார்கள். ஃபார்முலா வண்டியில் பிரேக் இடது காலுக்கு. இடுப்பெலும்பு நசுங்கி அந்தக் கால் மரத்துப்போனது. மரத்துப்போன கால் ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் பிந்தியே அழுத்தியது. மோதவில்லை, கவிழவில்லை; வெறுமனே மெதுவாக இருந்தான். மோதியிருந்தால் கதைக்காவது ஆகியிருக்கும்.

அணிக்காரர் கைகொடுத்து, "கூப்பிடுகிறோம்" என்றார். எங்கள் சந்தையில் அதற்கு அர்த்தம், கடையை விட்டு இறங்கு.

6

முடிவுகள் கைவசம் மூன்று வந்தன.

ரோதியோன் கேட்ட முடிவு: தப்பு அப்பன்மேல். "புள்ள கேட்டான்யா, திரும்பலாம்னு. வாய விட்டுக் கேட்டான். நான்தான் மாட்டேன்னேன். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் உனக்கு?"

லரீசா தந்தது: மருத்துவமனை வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில், கடையில் நின்றபடி ஒரே மூச்சில் சொன்னாள். "சீட் இருந்திருந்தாலும் எடுத்திருக்க மாட்டாங்க. நம்ம பையன் நல்லா ஓட்டுவான். அங்க வர்றவன் எல்லாருமே நல்லாத்தான் ஓட்டுவான். இத எழுதுங்க." பிறகு வாசல்வரை போய்த் திரும்பிவந்தாள். "வேணாம். எழுதாதீங்க. எங்க வீட்டுக்காரருக்கு, இதுக்குத் தன் தப்புன்னு இருக்கிறதே தேவலை."

மூன்றாவதை நான் தேடிப் போகவில்லை. அதுவே என்னை டாக்சியில் ஏற்றிக்கொண்டது.

கிளிம் இப்போது டாக்சி ஓட்டுகிறான். யாரையும் முந்தமாட்டான். ஒரு டிராலிபஸ்ஸுக்குப் பின்னால், அது நிற்கும் இடமெல்லாம் நின்று, பொறுமையாக ஊர்ந்துகொண்டிருந்தோம்.

"முந்தேன்டா."

"எதுக்கு மாமா? அங்கயும் ரோடுதான் இருக்கும்." கொஞ்சம் கழித்து, "அப்பா எழுதச் சொன்னாராமே" என்றான்.

"ஆமா. யார் தப்புன்னு."

"எழுதிட்டீங்களா?"

"இன்னும் விலை படியல."

டிராலிபஸ் கதவு திறந்து மூடியது.

"வீட்ட விட்டுக் கடைசியா வெளிய வந்தது நான்தான் மாமா. கதவச் சாத்தினது நான்."

பேரத்தில் எதிராளி தானாகக் கீழே இறங்கும்போது குறுக்கே பேசக் கூடாது. அந்தப் புத்தி அன்றைக்கு எனக்கு அசிங்கமாக இருந்தது.

"எந்திரிச்சதும் திரும்பிப் பார்த்தேன். என் முதுகு அங்கயே உக்காந்திருந்துச்சு. நான் இல்லாமலே. சீட்ட மறக்கல மாமா. விட்டுட்டு வந்தேன்."

"அப்புறம் வேன்ல திரும்பலாம்னு நீதானடா கேட்ட?"

"கேட்டேன்." வைப்பரைப் போட்டான், கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. "அவர் திரும்ப மாட்டார்னு தெரியும். தெரிஞ்சுதான் கேட்டேன்."

"வேணாம்னு வாயால சொல்றதுக்கென்ன?"

"எப்பச் சொல்றது? ஆறு வயசுலயா? தோட்டவீட்ட வித்தப்பவா? சொல்றதுக்குன்னு ஒரு நாள் இருந்திருக்கும். அது எதுன்னு எனக்குப் புரியறதுக்குள்ள போயிருச்சு."

என் கடை வாசலில் நிறுத்தினான். "அப்பாகிட்ட சொல்லாதீங்க" என்றான். நான் கதவைத் திறந்தபோது, "சொன்னாலும் சரிதான். எனக்குத் தெரியல மாமா" என்றான்.

7

இரண்டு சரக்கையும் தராசில் வைத்துப் பார்க்கிறேன்.

உண்மையைச் சொன்னால் ரோதியோன் விடுபடுவார். திரும்பாதது அவர் தப்பில்லை என்றாகும். ஆனால் இப்போது அவர் கையில் இருப்பது ஒரே ஒரு தப்பு: ஒரு காலை, ஒரு பாலம், ஒரு பிடிவாதம். உண்மை தெரிந்தால், மூக்கில் பனி அப்பியதிலிருந்து அத்தனை வருஷக் காலைகளும் தப்பாகிவிடும். சொல்லாமல் விட்டால், இருவரும் ஒரே பானையிலிருந்து சூப் ஊற்றிக்கொண்டு ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இதைத் தமிழில் எழுதியது ஏன் என்று இப்போது விளங்கியிருக்கும். என் கடையைச் சுற்றி, இதை வாசிக்கத் தெரிந்தவர் ஒருவருமில்லை.

["அவர்கள் ஒருநாள் தாமாகவே பேசிக்கொண்டார்கள்" என்று எழுதி முடித்துவிடலாமா என்று

இல்லை. அப்படிப் பேசுகிற குடும்பமாக இருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இருந்திருக்காது.]

8

இந்தப் பத்தியை எழுதிக்கொண்டிருக்கும்போதே ரோதியோன் உள்ளே வந்துவிட்டார்.

"முடிச்சிட்டியா?"

"முடியப் போகுது."

"குடு. இந்தப் போனுல காட்டினா எந்த எழுத்தா இருந்தாலும் எங்க பாஷைல சொல்லிரும். சீனாக்காரன் பெட்டிமேல இருக்கறதெல்லாம் வாசிச்சிருச்சு." தாள்மேல் போனைப் பிடித்தார். என் கையெழுத்தைப் பார்த்த போன் யோசித்து, யோசித்து, இது பூவேலைப்பாடா என்று கேட்டது. ரோதியோனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ நாளாகிறது. பக்கத்துக் கடைப் பையன்கூட எட்டிப் பார்த்தான்.

"சரி, நீயே வாசி. முழுசா வேணாம். கடைசி வரி மட்டும் போதும்."

வெளியே கிளிமின் டாக்சி வந்து நிற்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு அப்பாவைக் கூட்டிப்போக வந்திருக்கிறான். கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துவிட்டு என்னைப் பார்க்கிறான். தலையை ஆட்டவுமில்லை, மறுக்கவுமில்லை. ரோதியோன் அவனுக்கு முதுகு காட்டி நிற்கிறார்.

அந்தக் கடைசி வரியை நான் எழுதவில்லை. கீழே தாள் வெறுமையாக இருக்கிறது, அது அவருக்குத் தெரியாது. எழுதியிருப்பதை வாசிப்பவன் போலக் கண்ணை ஓட்டியாக வேண்டும். இத்தனை பக்கம் கூடவே வந்தீர்கள். இரண்டு பேரையும் எனக்குத் தெரிந்த அளவு உங்களுக்கும் தெரியும். எதைச் சொல்லட்டும்? சீக்கிரம் சொல்லுங்கள், வாயைத் திறந்துவிட்டேன்.

"தப்பு," என்று ஆரம்பிக்கிறேன், "தப்பு வந்து